தையலும் ஒரு படிப்போ?

நம்மவரிடையே படிப்பு என்பது இரண்டரை வகைப்படும். வைத்தியம் ஒன்று; சட்டம் ஒன்று; இவ்விரண்டும் கிட்டாதவர்க்குக் கணக்கு என்பது அரை. இவற்றுள் அடங்காத ஒன்றைப் பிள்ளை படிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டால், கேட்பவர் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றுகிறதே, அஃது இழவு வீட்டுக்கு வந்தவர் முகத்திலுங் காணக்கிடையாதது. அதிலும் அப்படிப்பு தையற் படிப்பாய் இருந்துவிட்டால் சொல்ல வேண்டுவதே இல்லை. "தையலுக்கும் ஒரு காலேஜா?" என்பார்கள். தம் மேனியில் இருக்கும் சட்டை மரத்தில் காய்த்ததென்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

இக்கேள்வி வெளியாரிடமிருந்து வந்திருந்தால் நாம் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். வந்தது நம் வீட்டுக்குள்ளிருந்தே. கேட்டவரும் தையல் அறியாதவரல்லர். நமது தமக்கையார் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் 28 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நண்பகலில் பால் நிறுத்துத் திரும்பி, மாலையில் லயத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். தவணைப் பணத்தில் வாங்கிய சிங்கர் மிஷின் ஒன்றே அவர் வீட்டில் சொத்தென்று சொல்லத்தக்கதாய் இருந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் காலியாயிற்று. மலாக்காப் பட்டணத்து ஓரத்தில் அடுக்குமாடி வீடொன்றில் குடியேறினார். மிஷினும் உடன் ஏறிற்று. மகள் எஸ்.பி.எம். தேறியதும், சமூகக் கல்லூரியில் உடை தயாரிப்புப் படிக்க விண்ணப்பித்துவிட்டதாக வந்து சொன்னாள்.

தமக்கையார் நம்மைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, நீயே சொல்லு. இந்த மிஷினை மிதிச்சு மிதிச்சு என் கால் வீங்கினது போதாதா? இவளும் வந்து இதிலேதான் உட்காரணுமா? கையில் பேனா பிடிக்கட்டும் என்றுதானே படிக்க வைத்தேன்" என்றார். இதில் அறியாமை ஒன்றுமில்லை. உழைத்து ஓய்ந்தவர், தாம் விழுந்த குழியைக் காட்டித் தம் மகளை விலகச் சொல்லுகிறார். இதற்கு மறுமொழி சொல்லுவது எளிதன்று.

மறுமொழி சொன்னவள் அந்தப் பெண்தான். "அம்மா, உங்களுக்குத் தைக்கத் தெரியும். விலை வைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தமக்கையார்க்குக் கோபம் வந்தது. நாம் நடுவில் புகுந்து, சேரட்டும் என்று தீர்ப்புக் கூறினோம். தாய்மாமன் சொல்லைத் தட்டலாகாது என்னும் பழைய வழக்கத்தை நாம் பலமுறை கண்டித்திருக்கிறோம். அன்று அவ்வழக்கமே நமக்குக் கைகொடுத்தது. வாசகர்கள் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

சமூகக் கல்லூரி என்பது யாதென்று அறியாத தோட்டத்து நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். 2001 முதல் இந்நாட்டில் திறக்கப்பட்டு வரும் கல்லூரிகள் இவை. நம் மாநிலத்தில் மஸ்ஜிட் தானாவிலும் ஜாசினிலும் செலண்டாரிலும் உண்டு. உடை தயாரிப்புக்கான சான்றிதழ் வகுப்பு நாட்டின் பல சமூகக் கல்லூரிகளில் நடைபெறுகிறது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் மொத்தம் 8 படிகள். சான்றிதழ் மூன்றாம் படி, டிப்ளோமா நான்காம் படி, பட்டம் ஆறாம் படி. ஆகவே சான்றிதழோடு வழி அடைபட்டுப் போவதில்லை, ஏறவேண்டுமென்பவர் ஏறலாம். இதைவிட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் வழியே மலேசியத் திறன் சான்றிதழ் பெறுவதும் உண்டு. நம்மவர் பலர் எஸ்.பி.எம்.மில் ஏழெட்டு 'ஏ' வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து மகிழ்கிறார்களேயன்றி, மூன்று பாடத்தில் மட்டும் தேறிய அடுத்த வீட்டுப் பிள்ளை எங்கே போகலாம் என்பதை விசாரிப்பதில்லை. அந்தப் பிள்ளைகள்தாம் தொகையில் அதிகம்.

நிற்க. முதற் பருவம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், தாயார் ஒரு ரவிக்கை தைத்து முடிக்கும்வரை பக்கத்தில் அமர்ந்து நேரங் குறித்தாள். அளந்து வெட்ட 20 நிமிஷம். மிஷினில் 50. கொக்கி வைத்து, கையால் ஹெம்மிங் போட்டு, இஸ்திரி செய்ய 40. ஆக 110 நிமிஷம். பட்டணத்துத் துணிக்கடை ஒன்று ஒரு ரவிக்கைக்குத் தமக்கையாருக்குக் கொடுத்து வந்தது 7 ரிங்கிட். அதே ரவிக்கைக்கு வாடிக்கைக்காரியிடம் வாங்கியது 30 ரிங்கிட். நூல், கொக்கி, மின்சாரம் எல்லாம் தமக்கையாருடையவை. அதற்கு 1 ரிங்கிட் கழித்தால் மிஞ்சுவது 6. மணிக் கணக்கில் மூன்றேகால் ரிங்கிட்டுக்குச் சிறிது அதிகம். 2025ஆம் ஆண்டில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அது மணிக்கு எட்டு ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. "தையல் கோணல்" என்று சொல்லி அக்கடைக்காரர் மாதத்துக்கு இரண்டு மூன்று ரவிக்கைகளுக்குக் கூலி பிடித்ததும் உண்டு. கோணலான ரவிக்கைகள் திரும்பி வந்ததாக மட்டும் சரித்திரம் இல்லை.

தமக்கையார் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை வருஷம் நான் தைக்கலே; தானம் பண்ணியிருக்கேன்" என்றார்.

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நாம் அவளைத் துளைத்துக் கேட்டோம். தைப்பது அதில் ஒரு பங்குதான். முதலில் துணியை அறியவேண்டும். நெசவில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு திண்மையானது, ஊடை சற்று இளகும், இரண்டுக்கும் சாய்வாகக் கிராஸில் வெட்டினால் துணி இழுத்த இழுப்புக்கு வரும். கழுத்துக்கு வைக்கும் பட்டியைக் கிராஸில் வெட்டுவது இதனால்தான். கால்சட்டையின் ஒரு கால் பாவுக்கு நேராகவும் மற்றது சிறிது சாய்ந்தும் வெட்டப்பட்டால், இரண்டு சலவைக்குப் பின் ஒரு கால் முறுக்கிக்கொண்டு தையல் முன்பக்கம் திரும்பி நிற்கும். மலிவுக் கடையில் வாங்கியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். அது சாயத்தின் குற்றமுமன்று, சோப்பின் குற்றமுமன்று. துணியை மிச்சம் பிடிக்க எண்ணி அச்சைச் சாய்த்து வைத்தவன் செய்த வேலை.

மிச்சம் பிடிப்பதற்கு நேரான வழியும் இருக்கிறது. சட்டையின் முன், பின், கை, காலர் முதலிய பாகங்களின் அச்சுக்களைத் துணியின் அகலத்துக்குள் இடைவெளி குறையப் பொருத்தி வரைவதற்கு மார்க்கர் என்று பெயர். ஒரு சட்டைக்கு 1.60 மீட்டர் துணி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். பொருத்துவதில் சாமர்த்தியம் காட்டிச் சட்டைக்கு 4 சென்டிமீட்டர் குறைத்தால், 1,000 சட்டைகளில் 40 மீட்டர் மிஞ்சும். அதில் இன்னும் 25 சட்டை தைக்கலாம். உடையின் அடக்க விலையில் பெரும்பங்கு துணியின் விலையே. அப்படியிருக்க, செலவைக் குறைக்க வேண்டுமென்றதும் முதலாளிமார் துணியைப் பாராமல் தைப்பவளின் கூலியைப் பார்ப்பது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. விளங்காமலென்ன, துணி வாய் திறக்காவிட்டாலும் அதன் விலையை ஆலைக்காரன் குறைக்கமாட்டான்.

அடுத்தது லைன் என்பது. தொழிற்சாலையில் ஒரு சட்டையை ஒருத்தி தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி தோள், ஒருத்தி காஜா என்று வேலை பிரிந்து வரிசையாக நகரும். ஐந்து பேர் உள்ள ஒரு வரிசையில் நால்வர்க்குத் தலைக்கு 40 விநாடி போதும். காலர் தைப்பவளுக்கு மட்டும் 60 விநாடி வேண்டும் என்க. மணிக்கு 90 சட்டை வரவேண்டிய வரிசையில் 60தான் வரும். மற்ற நால்வரை எவ்வளவு விரட்டினாலும் 61ஆவது சட்டை வராது. காலருக்கு இன்னொருத்தியை அமர்த்தினால் 60 என்பது 90 ஆகிவிடும்.

மருமகள் இதைத் தாளில் கட்டம் போட்டு விளக்கியபோது நமக்குப் பாதிதான் புரிந்தது. தமக்கையார் அடுப்பங்கரையிலிருந்தே, "இது தெரியாதா? முப்பது பேர் பால் கொண்டு வருவோம். நிறுக்கிற கிராணி ஒருத்தர். ஒரு மணி நேரம் வெயிலில் நிற்போம். தாமதமாக வந்தோம் என்று திட்டு மட்டும் வெட்டுகிறவளுக்கு. இன்னொரு தராசு வைத்திருந்தால் எல்லாரும் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போயிருப்போம்" என்றார். மகள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுத் தாயாரைப் பார்த்தாள். தம் அன்னை 28 ஆண்டுகளாக அறிந்திருந்த ஒன்றைக் கேட்பார் ஒருவரும் இருக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

மலாக்காவில் இருந்துகொண்டு துணியைப் பற்றி நம்மவர் ஏளனம் பேசுவதைக் கேட்கும்போது நமக்குச் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. 1512 முதல் 1515 வரை இந்நகரில் இருந்த தோமே பீரிஸ் என்ற போர்ச்சுகீசியர், சோழமண்டலக் கரையிலிருந்து இங்கு வந்திறங்கிய துணி வாணிபத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மலாய்க்காரர் இன்றும் உடுக்கும் கட்டம் போட்ட காயின் பெலிக்காட் என்னும் கைலிக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது? சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து. வெள்ளையர் வாயில் அது புலிகாட் ஆயிற்று, மலாய் வாயில் பெலிக்காட் ஆயிற்று. 1613இல் ஒல்லாந்தர் அவ்வூரில் கோட்டை கட்டினார்கள். 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள். ஓரூரில் நெய்தது மற்றோரூரில் விற்றது. காஜா பேராங் கிராமத்துச் செட்டிமார் அந்த வாணிபத்தின் வழி வந்தவர்களே. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர்களைச் சொல்லும் இடத்தில் துன்னகாரர் என்று தையற்காரரையும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. அத்தனை பழைய தொழில் நமக்கு என்றைக்கு இழிவாயிற்று? பெண்கள் வீட்டிலிருந்தபடி கூலியின்றிச் செய்யத் தொடங்கியதிலிருந்துதான் என்பது நம் துணிபு. பெண் செய்தால் அது வேலை ஆவதில்லை, 'பொழுதுபோக்கு' ஆகிவிடுகிறது. தையல் என்ற சொல்லுக்கே பெண் என்றும் ஒரு பொருள் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

நியோன்யா மாதர் அணியும் கெபாயாவைப் பாருங்கள். அதன் ஓரங்களில் துளைத்துத் துளைத்துப் போட்டிருக்கும் பூவேலை தமக்கையாரின் மிஷினைப் போன்ற காலால் மிதிக்கும் மிஷினிலேதான் செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ, மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் வேண்டுகோளின்பேரில் கெபாயாவை மானிடப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. அதைக் கண்டு வியக்கும் நம்மவரும், தம் பெண்ணை அவ்வேலை கற்க அனுப்பு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வர்.

இது நிற்க. படித்தால் வேலை உண்டா என்பதே வீட்டுச் செலவு பார்ப்பவர் கேட்கும் கேள்வி. அதை மழுப்பக்கூடாது. 1974 முதல் 2004 முடிய, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று மேல்நாடுகள் வரையறை வைத்திருந்தன. அந்த வரையறை ஒருவகையில் இந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலி. 2005 பிறந்ததும் வேலி எடுக்கப்பட்டது; கூலி குறைந்த நாடுகளை நோக்கித் தொழில் நகர்ந்தது. அண்டையிலுள்ள ஜொகூரின் பத்து பகாட் போன்ற ஊர்களில் இன்னும் நடக்கிறது. ஆனால் இந்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மிஷினில் அமர்ந்திருப்போரில் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் முதலிய நாட்டார் மிகுதி. ஆகவே, தைக்க மட்டும் தெரிந்தவளுக்குத் தொழிற்சாலையில் நல்ல சம்பளம் காத்திருக்கிறதென்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். அச்சு வரையத் தெரிந்தவள், தரம் பார்க்கத் தெரிந்தவள், ஆர்டர் வந்த நாள் முதல் கப்பல் ஏறும்வரை துணியையும் தேதியையும் கணக்கில் வைத்திருக்கத் தெரிந்தவள், இவர்களுக்கு இடமுண்டு. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி உடுப்பு தைக்கும் சிறு பட்டறைகள் உண்டு. ஹரிராயா நெருங்கினால் 'இனி ஏற்பதில்லை' என்று எழுதி மாட்டாத தையற்கடை மலாக்காவில் அரிது. வேலை மிகுந்து ஆளும் ஒழுங்கும் போதாத தொழில் அது. தமிழ்நாட்டுத் திருப்பூரிலும் பனியன் தொழிலாளர் பெருகிய பின்னர், தொழில் நடத்துவோரே கூடி 1997இல் இதற்கெனக் கல்லூரி கண்டார்கள். கை வேலை ஓரளவுக்குத்தான் ஊரை ஏற்றும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

இப்படிப்பில் நிர்வாகம் என்றும் ஒரு பாடம். இச்சொல்லைக் கேட்டால் தோட்டத்து ஜனங்களுக்குத் தொப்பியும் பிரம்பும் ஞாபகம் வரும். நாம் அப்பாடத்தின் அவசியத்தை இரு சம்பவங்களால் அறிவோம். 1911 மார்ச் 25இல் நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம்பெண்கள். நூறாண்டு கழிந்து, 2013 ஏப்ரல் 24இல் வங்காளதேசத்து ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது; மறுநாள் தொழிலாளரை உள்ளே அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் நிர்வாகம் இருக்கத்தான் செய்தது. எத்தனை சட்டை, எத்தனை நாளில் என்று அதற்குத் தெரியும். கதவு திறக்குமா, சுவர் தாங்குமா என்று பார்ப்பதும் தன் வேலை என்பது மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பாராதிருந்தது. கல்லூரியில் தொழிற்கூடப் பாதுகாப்பு என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைச் சலிப்போடு மனனம் செய்கிறார்களாம். சலித்தாலும் செய்யட்டும்.

தமக்கையார் இப்பொழுது கடைக்குத் தைப்பதில்லை. வாடிக்கைக்காரிகள் நேரே வீட்டுக்கு வருகிறார்கள். ரவிக்கைக்கு 22 ரிங்கிட். தொகையைச் சொல்ல அவருக்கு முதலில் நா எழவில்லை. மகள் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். "பழகினவங்க முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது" என்றவர்க்கு, "நீங்கள் கேட்கவேண்டாம், அட்டை கேட்கும்" என்றாளாம். நான்கு பேர் வராமல் போயினர். அவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள்.

படிப்பின் ஒரு பகுதியாகப் பெண் சீருடைப் பட்டறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். போன மாதம் நம்மைக் காண வந்தபோது சோர்ந்திருந்தாள். காரணம் கேட்டோம். கையில் நேரங் காட்டுங் கருவியைக் கொடுத்து, காலர் தைக்கும் பெண்ணின் பின்னால் நின்று ஒவ்வொரு காலருக்கும் எத்தனை விநாடி ஆகிறதென்று குறிக்கச் சொன்னார்களாம். அந்தப் பெண் நேப்பாளத்தவள். வயதில் இவள் தாயாரினும் சற்றே இளையவள். "நான் போய் நின்றதும் அந்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாகத் தைத்தாங்க மாமா. கை நடுங்கியது. அம்மா கிராணிக்கு முன்னால் நின்றது இப்படித்தானே என்று தோன்றியது. எனக்குப் பொத்தானை அமுக்கக் கை வரவில்லை" என்றாள்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டோம்.

அன்று குறிக்காமல் வந்துவிட்டாளாம். மறுநாள் காலையில், வேலை தொடங்குமுன், அந்தப் பெண்ணிடம் போய்த் தனக்குத் தெரிந்த மலாயில் அவளுக்குத் தெரிந்த மலாய்க்கு ஏற்பச் சொல்லிப் பார்த்தாளாம்: இது உங்களைப் பிடிக்க அல்ல, எங்கே நேரம் போகிறதென்று பார்க்க. அந்தம்மா நம்பினாளா இல்லையா தெரியாது. ஆனால் மெதுவாகத் தைத்தாள். பத்துக் காலர்கள் குறித்தாயிற்று. தைக்க ஆனது 44 விநாடி. மீதி 14 விநாடி, ஒவ்வொரு காலருக்கும் எழுந்து, இரண்டு மேஜைக்கு அப்பால் கயிற்றில் கட்டித் தொங்கிய கத்தரியை எடுத்து நூல் நறுக்கிவிட்டு வந்து உட்காருவதில் போயிற்று.

கத்தரி ஒன்றின் விலை என்ன, மாமா, என்று கேட்டுக்கொண்டே அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.